இணையத்தில் உலாவத் தொடங்குவோருக்கு: திரையில் எதிர்ப்படும் சொற்களும் அவற்றின் பயனும்

“பிரவுசரைத் திற, புது டேபில் போடு, அந்த லிங்கை அமுக்கு, லாகின் பண்ணு” என்று நான்கு வேலைகளை ஒரே மூச்சில் கேட்கும் புதியவர், அவற்றில் ஒரு சொல் பிடிபடாமல் போனாலும் மற்ற மூன்றையும் தவறவிட்டுவிடுகிறார். கருவியைக் கையாளுவது உண்மையில் அவ்வளவு கடினமில்லை. சொல்லித்தருபவர் எதைக் குறிப்பிடுகிறார் என்பது விளங்காததே பெரும்பாலோரைத் தயங்க வைக்கிறது. அந்தத் தயக்கத்தை நீக்குவதற்காக, உலாவியைத் திறப்பது முதல் கணக்கிலிருந்து வெளியேறுவது வரை, திரையில் எந்த வரிசையில் சொற்கள் எதிர்ப்படுகின்றனவோ அந்த வரிசையிலேயே இக்கட்டுரை செல்கிறது.

கலைச்சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கைபேசியிலோ கணினியிலோ உலாவியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் வரும்போது அதற்குரிய இடத்தைத் திரையில் தேடிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். பேச்சில் வழங்கும் சொல், தமிழ் இடைமுகங்களில் காணப்படும் சொல் ஆகிய இரண்டையும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இரண்டையும் கலந்தே பயன்படுத்தியிருக்கிறேன்.

முதலில் பிரித்தறிய வேண்டியவை: இணையம், வலை, வைஃபை

இணையம் என்பது உலகெங்கும் உள்ள கணினிகளும் கைபேசிகளும் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் மாபெரும் வலையமைப்பு. கடலடியில் கிடக்கும் ஒளியிழை வடங்களும் கைபேசிக் கோபுரங்களும் வீட்டுக்குள் வரும் கம்பியும் அதன் உறுப்புகளே. வெவ்வேறு வகையான கருவிகள் ஒரே விதிப்படி பேசிக்கொள்வதற்காக, இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று டிசிபி/ஐபி என்னும் பொது நெறிமுறைக்கு மாறியது. இன்றைய இணையமும் அந்த நெறிமுறையின் மீதே இயங்குகிறது.

வலை, அதாவது வெப் என்பது அந்த இணையத்தின் மீது இயங்கும் சேவைகளுள் ஒன்று. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ இதனை 1989இல் முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று அந்த ஆய்வுக்கூடம் இதற்கான மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. நாம் படிக்கும் வலைப்பக்கங்கள், அப்பக்கங்கள் பல சேர்ந்த வலைத்தளங்கள் ஆகியன வலையைச் சேர்ந்தவை. மின்னஞ்சலும் காணொளி அழைப்பும் இணையத்தின் வேறு சேவைகள்.

வைஃபை என்பது உங்கள் கருவிக்கும் வீட்டில் இருக்கும் ரூட்டர் பெட்டிக்கும் இடையிலான கம்பியில்லாத் தொடர்பு மட்டுமே. ரூட்டரிலிருந்து வெளியே செல்லும் இணைப்பை வழங்குவது இணையச் சேவை நிறுவனம். ஆகவே வைஃபை குறியீடு முழுமையாகத் தெரிந்தும் எந்தப் பக்கமும் திறக்காமல் இருப்பது சாத்தியமே. அப்போது பழுது ரூட்டருக்கு அப்பால் இருக்கக்கூடும். அதேபோல், செய்திச் செயலியில் குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருக்கையில் ஒரு வலைத்தளம் மட்டும் திறக்கவில்லை என்றால், இணையம் வேலை செய்கிறது, சிக்கல் அந்தத் தளத்தில் இருக்கலாம் என்று ஊகிக்கலாம். இந்த மூன்று சொற்களையும் பிரித்தறிந்தவர், உதவி கேட்கும்போது “நெட் வரவில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல் எது வரவில்லை என்று சொல்ல முடிகிறது. உதவியும் விரைவாகக் கிடைக்கிறது.

உலாவியும் தேடுபொறியும்

வலைப்பக்கங்களைக் கொண்டுவந்து திரையில் காட்டும் செயலியே உலாவி. பேச்சில் பிரவுசர் என்கிறோம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ், ஓபரா ஆகியன பரவலாகப் பயன்படும் உலாவிகள். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே திரட்டி வைத்து, நாம் கேட்கும் சொல்லுக்குப் பொருத்தமான பக்கங்களைப் பட்டியலிடும் வலைத்தளமே தேடுபொறி. கூகுள், பிங், டக்டக்கோ ஆகியன தேடுபொறிகள்.

இவ்விரண்டும் குழம்பிப்போவதற்கு நியாயமான காரணம் உண்டு. குரோம் உலாவியையும் கூகுள் தேடுபொறியையும் நடத்துவது ஒரே நிறுவனம். உலாவியைத் திறந்தவுடன் தேடல் பெட்டியே முன்னால் நிற்கிறது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் கூகுளைப் பயன்படுத்தலாம். குரோமில் பிங்கைப் பயன்படுத்தலாம். ஒருமுறை அவ்வாறு செய்து பார்த்தால் வேறுபாடு தெளிந்துவிடும்.

முகவரியை வாசிக்கக் கற்றுக்கொள்ளுதல்

இக்கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள் என்றே சொல்வேன். உலாவியில் நீளமான ஒரு பெட்டி இருக்கும். கணினியில் மேலே, சில கைபேசிகளில் கீழே. இதுவே முகவரிப் பட்டை. நீங்கள் இப்போது எந்தத் தளத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பக்கத்தில் உள்ள படங்களோ சின்னங்களோ உறுதியாகச் சொல்ல முடியாது. அவற்றை எவரும் நகலெடுத்து ஒட்டிவிடலாம். முகவரிப் பட்டையே அதனைச் சொல்லும்.

இணையத்தில் எடுத்துக்காட்டுகளுக்காகவே ஒதுக்கி வைக்கப்பட்டுள்ள பெயர்களுள் ஒன்று எக்ஸாம்பிள்.காம். அதைக் கொண்டு ஒரு முகவரியைப் பிரித்துப் பார்ப்போம். திரையில் ஆங்கில எழுத்துகளில் தோன்றுவதை ஒலிப்பின்படி இங்கே தமிழில் தருகிறேன்:

எச்டிடிபிஎஸ்://நியூஸ்.எக்ஸாம்பிள்.காம்/ஸ்போர்ட்ஸ்/டுடே

இரட்டைச் சாய்கோட்டுக்கு முன் இருப்பது நெறிமுறை. உலாவியும் தளமும் எந்த முறையில் பேசிக்கொள்கின்றன என்பதைக் குறிக்கிறது. எச்டிடிபி என்பதன் இறுதியில் ‘எஸ்’ சேர்ந்திருந்தால், இடையில் செல்லும் தகவல் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது. இரட்டைச் சாய்கோட்டிலிருந்து அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ளது தளத்தின் பெயர்ப்பகுதி. அதற்குப் பின் வரும் அனைத்தும், அந்தத் தளத்துக்குள் நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் பாதை.

இப்போது பெயர்ப்பகுதியை வலமிருந்து இடமாக வாசியுங்கள். கடித உறையில் ஊரும் அஞ்சல் எண்ணும் உள்ள கடைசி வரியை முதலில் பார்த்துக் கடிதங்களைப் பிரிப்பது போன்ற முறைதான் இது. கடைசியில் நிற்கும் ‘காம்’ என்பது உயர்நிலைக் களம். ‘ஆர்க்’, ‘நெட்’ போன்றவையும், நாடுகளுக்குரிய ஈரெழுத்துக் குறியீடுகளும் இவ்வகையே. தமிழ் எழுத்துகளிலேயே அமைந்த .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகியனவும் பயன்பாட்டில் உள்ளன. அதற்கு இடப்புறம் ஒரு புள்ளி தாண்டி நிற்கும் ‘எக்ஸாம்பிள்’ என்பதும் ‘காம்’ என்பதும் சேர்ந்தே டொமைன் எனப்படும் களப்பெயர் ஆகின்றன. தளத்தின் உரிமையாளரை அடையாளம் காட்டுவது இந்தச் சேர்க்கையே. அதற்கும் இடப்புறம் உள்ள ‘நியூஸ்’ என்பது துணைக்களம். களப்பெயரை வைத்திருப்பவர் தம் விருப்பப்படி எதை வேண்டுமானாலும் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சொன்ன அந்த உரிமையைத்தான் ஏமாற்றுவோர் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பின்வரும் முகவரியைப் பாருங்கள்:

எக்ஸாம்பிள்.காம்.லாகின்-ஹெல்ப்.நெட்/அக்கவுண்ட்

இடமிருந்து வாசிப்பவர் எக்ஸாம்பிள்.காம் என்பதைக் கண்டவுடன் நின்றுவிடுகிறார். வலமிருந்து வாசித்தால், ஒற்றைச் சாய்கோட்டுக்கு இடப்புறம் முதலில் நெட், அடுத்து லாகின்-ஹெல்ப். ஆக இது லாகின்-ஹெல்ப்.நெட் என்ற வேறொருவரின் தளம். முன்னால் இருப்பது வெறும் துணைக்களம். எக்ஸாம்பிள்-செக்யூர்.காம் என்று நடுவில் கோடு போட்ட பெயரும் அப்படியே, முற்றிலும் வேறு தளம். கோடு ஒரு பெயரின் பகுதியாகவே இருக்கும்; புள்ளி மட்டுமே பெயர்களைப் பிரிக்கும். சில நாடுகளில் ‘கோ.யூகே’ என்பது போல இறுதிப்பகுதியே இரண்டு துண்டுகளாக அமைவதுண்டு. அத்தகைய முகவரிகளில் அவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு, அவற்றுக்கு இடப்புறம் உள்ள பெயரைப் பார்க்க வேண்டும்.

பூட்டுக் குறி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகவரிக்கு அருகில் பூட்டு இருந்தால் தளம் நம்பத்தக்கது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தப் பூட்டு, தகவல் மறையாக்கத்துடன் செல்கிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. போலித் தளத்துக்கும் அது எளிதாகக் கிடைக்கும். இந்தத் தவறான புரிதல் காரணமாகவே குரோம் உலாவி 2023இல் பூட்டை நீக்கிவிட்டு வேறொரு குறியை வைத்தது. எனவே பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல் களப்பெயரை வாசியுங்கள்.

முகவரி தட்டச்சு செய்யப்பட்டவுடன் என்ன நடக்கிறது என்பதையும் சுருக்கமாக அறிந்துகொள்ளலாம். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற எண் தேவைப்படுகிறது. களப்பெயரை அந்த எண்ணாக மாற்றித்தரும் ஏற்பாடு டிஎன்எஸ் எனப்படும். எண் கிடைத்ததும் உலாவி அந்த எண்ணுக்குரிய கணினியிடம் பக்கத்தைக் கேட்கிறது. பக்கங்களைச் சேமித்து வைத்து, கேட்பவர்க்கு அனுப்பும் அக்கணினியை வழங்கி அல்லது சர்வர் என்கிறோம்.

பக்கத்துக்குள் நகர்தல்

தொட்டவுடன் வேறொரு பக்கத்துக்கு அழைத்துச் செல்லும் எழுத்தோ படமோ பொத்தானோ இணைப்பு, பேச்சில் லிங்க். கணினியில் சுட்டியை இணைப்பின் மேல் அழுத்தாமல் வைத்தால், அது செல்லும் முகவரி சாளரத்தின் அடியில் தோன்றும். கைபேசியில் இணைப்பை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முகவரி காட்டப்படும். இணைப்பின் மேல் எழுதப்பட்டிருக்கும் சொற்களும் அது செல்லும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதால், தெரியாதவர் அனுப்பிய இணைப்புகளுக்கு இதனைப் பழக்கமாக்கிக்கொள்வது அவசியம்.

ஒரே உலாவியில் பல பக்கங்களைத் திறந்து வைப்பதற்கான வசதி தாவல் அல்லது டேப். கணினியில் கன்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தினால் புதிய தாவல் திறக்கும். தவறுதலாக மூடிய தாவலை குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் ஆகியவற்றில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தி மீட்கலாம். இதனை அறியாமல், திறந்திருந்த பக்கத்தைத் தொலைத்துவிட்டதாக வருந்துவோர் மிகுதி.

இடப்புறம் நோக்கும் அம்பு முந்தைய பக்கத்துக்கும், வலப்புற அம்பு அடுத்த பக்கத்துக்கும் கொண்டுசெல்லும். வட்டமாக வளைந்த அம்பு, பக்கத்தைப் புதிதாகக் கேட்டு வாங்கும் ரீஃப்ரெஷ். படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது இதனை அழுத்தினால் எழுதியவை அழிந்துபோகலாம். பணம் செலுத்தும் பக்கத்திலோ இதைத் தொடவே வேண்டாம், ஏனெனில் அதே கோரிக்கை இரண்டாம் முறையும் அனுப்பப்படக்கூடும். மீண்டும் மீண்டும் செல்லும் பக்கத்தைக் குறித்து வைப்பது புக்மார்க். நட்சத்திரக் குறியைத் தொட்டால் போதும். வங்கி, மின்னஞ்சல் போன்ற முக்கியமான தளங்களை ஒருமுறை சரிபார்த்துப் புக்மார்க் செய்துவிட்டு எப்போதும் அதன் வழியே செல்வது, ஒவ்வொரு முறையும் தேடுவதைவிடப் பாதுகாப்பானது.

திடீரென மேலே தோன்றும் சிறு சாளரம் பாப்-அப். “உங்கள் கருவியில் வைரஸ் உள்ளது, இங்கே அழுத்துங்கள்” என்று அது அச்சுறுத்தினால், அதிலுள்ள எந்தப் பொத்தானையும் தொடாமல் தாவலையே மூடிவிடுங்கள். ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் கருவி முழுவதையும் ஆராய்ந்து வைரஸைக் கண்டுபிடிக்க இயலாது.

தேடல் முடிவுகள்

தேடுபொறி தரும் பட்டியலின் உச்சியில் விளம்பரங்கள் வருவதுண்டு. அவற்றின் அருகில் ‘ஸ்பான்சர்டு’ அல்லது ‘விளம்பரம்’ என்ற சிறு குறிப்பு இருக்கும். ஒரு நிறுவனத்தின் உதவி எண்ணைத் தேடும்போது மேலே வருவதை அப்படியே அழைக்காமல், அந்நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று, களப்பெயரைச் சரிபார்த்து, அங்கிருந்து எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொடர் அதே வரிசையில் இடம்பெறும் பக்கங்கள் மட்டும் வேண்டும் என்றால் அதனை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடலாம்.

கணக்கும் கடவுச்சொல்லும்

சைன் அப் என்பது புதிதாகக் கணக்குத் தொடங்குவது; சைன் இன் அல்லது லாகின் என்பது ஏற்கெனவே உள்ள கணக்குக்குள் நுழைவது. இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே இருப்பதால் குழப்பம் நேர்கிறது. பயனர்பெயர் உங்களைக் குறிக்கும். கடவுச்சொல் அது நீங்கள்தான் என்பதை நிறுவும். படிவத்தில் நட்சத்திரக் குறியிட்ட கட்டங்கள் கட்டாயம் நிரப்பப்பட வேண்டியவை. மற்றவற்றைக் காலியாக விட்டுவிடலாம், தேவையின்றித் தகவல் தராமல் இருப்பதே நல்லது.

ஓடிபி என்பது ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் கடவு எண். அதனைத் தளத்தின் கட்டத்தில் நீங்களே இட வேண்டும். தொலைபேசியில் கேட்பவர் எவ்வளவு பணிவாகப் பேசினாலும், எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும் அவரிடம் சொல்லக் கூடாது. கேப்ட்சா என்பது நீங்கள் தானியங்கி நிரல் அல்லர் என்று உறுதிப்படுத்தும் சிறு சோதனை. ஃபிஷிங் என்பது உண்மையான தளத்தைப் போலப் பக்கம் அமைத்துக் கடவுச்சொல்லைப் பறிக்கும் மோசடி. இதனைக் கண்டறிய முகவரியை வலமிருந்து வாசிக்கும் முறை கைகொடுக்கும்.

உலாவி நினைவில் வைத்திருப்பவை

ஹிஸ்டரி என்பது நீங்கள் சென்ற பக்கங்களின் வரிசை; நேற்றுப் படித்ததைத் தேட உதவும். கேஷ் என்பது பக்கத்தின் படங்களையும் பிற உறுப்புகளையும் கருவியிலேயே சேமித்து வைத்து அடுத்த முறை விரைவாகக் காட்டும் ஏற்பாடு. குக்கி என்பது ஒரு தளம் உங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பு. 1994இல் நெட்ஸ்கேப் உலாவியில் தோன்றியது. நீங்கள் உள்நுழைந்திருக்கிறீர்கள் என்பதையும், கூடையில் என்ன பொருள் வைத்தீர்கள் என்பதையும் தளம் நினைவில் வைத்திருப்பது இதனாலேயே. வேறு வேறு தளங்களில் உங்கள் நடமாட்டத்தைத் தொடர்ந்து விளம்பரம் காட்டவும் குக்கிகள் பயன்படுகின்றன; ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று தளம் கேட்கும்போது மறுத்தாலும் பெரும்பாலான தளங்கள் வழக்கம்போல் இயங்கும். குக்கிகளை நீக்கினால் எல்லாத் தளங்களிலும் மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும் என்பதால், கடவுச்சொற்கள் கைவசம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு நீக்குங்கள்.

மறைநிலைச் சாளரம், அதாவது இன்காக்னிட்டோ, மூடியவுடன் அந்த அமர்வின் வரலாற்றையும் குக்கிகளையும் உங்கள் கருவியிலிருந்து அகற்றிவிடுகிறது. அதன் பணி அத்தோடு முடிகிறது. இணையச் சேவை நிறுவனத்துக்கோ அலுவலக வலையமைப்பை நிர்வகிப்பவருக்கோ நீங்கள் செல்லும் தளங்களின் பெயர்களை அது மறைப்பதில்லை. பதிவிறக்கிய கோப்புகளையும் அது அழிப்பதில்லை.

பதிவிறக்கமும் பதிவேற்றமும்

இணையத்திலிருந்து கோப்பை உங்கள் கருவிக்குக் கொண்டுவருவது டவுன்லோடு என்னும் பதிவிறக்கம். உங்கள் கோப்பைத் தளத்துக்கு அனுப்புவது அப்லோடு என்னும் பதிவேற்றம். இறக்கியது எங்கே போயிற்று என்று தெரியாமல் அதையே மறுபடியும் இறக்குவோர், ‘டவுன்லோட்ஸ்’ என்ற கோப்புறையைத் திறந்து பார்க்க வேண்டும். கோப்புப் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள் அதன் வகையைச் சொல்லும்: பிடிஎஃப் ஆவணம், ஜேபிஜி படம். விண்டோஸில் எக்ஸ்இ, ஆண்ட்ராய்டில் ஏபிகே என்று முடிபவை கருவியில் நிறுவப்பட்டு இயங்கக்கூடிய நிரல்கள். அழைப்பிதழ், ரசீது என்று சொல்லி எவரேனும் அவ்வகைக் கோப்பை அனுப்பினால் திறக்காதீர்கள்.

வேகத்தை அளக்கும் எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதையும், கோப்பின் அளவைக் குறிக்கும் எம்பி என்பது மெகாபைட்டையும் சுட்டும். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி அளவே இறங்கும். வேகம் குறைத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை.

பிழைச் செய்திகளை வாசித்தல்

404 என்ற எண் வந்தால், வழங்கி பதில் சொல்லிவிட்டது, கேட்ட பக்கம் மட்டும் அங்கே இல்லை என்று பொருள். உங்கள் இணைப்பில் குறை இல்லை. முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பின் உள்ளவற்றை அழித்துவிட்டு முகப்புப் பக்கத்திலிருந்து தேடுங்கள். 403 என்பது பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்பதையும், 500 முதலான எண்கள் வழங்கியிலேயே கோளாறு என்பதையும் குறிக்கும். பின்னதற்குக் காத்திருப்பதைத் தவிர உங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. எண் எதுவும் இன்றி ‘தளத்தைக் கண்டறிய முடியவில்லை’ என்று உலாவி சொன்னால், களப்பெயரைத் தவறாக எழுதியிருக்கலாம் அல்லது டிஎன்எஸ் பதில் தராதிருக்கலாம். தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையுடன் உலாவி உங்களைத் தடுத்தால், கருவியின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தும் எச்சரிக்கை நீடித்தால் அந்தத் தளத்தில் எந்தத் தகவலையும் இடாமல் திரும்பிவிடுங்கள்.

பிறர் கணினியிலோ பொதுக் கணினியிலோ இவற்றைப் பழகுவோருக்கு ஒரு குறிப்பு. தாவலை மூடினால் கணக்கிலிருந்து வெளியேறியதாக ஆகாது. குக்கி இருக்கும் வரை அடுத்து வருபவர் அதே தளத்தைத் திறந்தால் உங்கள் கணக்கு திறந்தே நிற்கும். ஆகவே முதலில் லாகவுட் செய்யுங்கள்; ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா’ என்று உலாவி கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்களா என்பதை அமைப்புகளில் சரிபாருங்கள்; டவுன்லோட்ஸ் கோப்புறையில் உங்கள் ஆவணங்கள் இருந்தால் அழித்து, மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்த பின்னரே எழுந்து வாருங்கள்.